நஞ்சன்கூட்டு முகவரிக்கு ஒரு பெட்டி

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில் கபிலை ஆற்றைத் தாண்டியதும் நஞ்சன்கூடு வந்துவிடும். காடு பார்க்கக் கிளம்பியவர்களில் பலர் அங்கே வண்டியை நிறுத்துவதில்லை. ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலின் 120 அடிக் கோபுரத்தை ஜன்னல் வழியே கும்பிட்டுவிட்டு குண்டல்பேட்டை, பந்திப்பூர் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். நான் அந்த ஊரில் தங்கியது என் பெட்டிக்காக. ஹாம்பர்க்கில் ஏறி, வழியில் விமானம் மாறி, நான் பெங்களூரில் இறங்கினேன். பெட்டி இறங்கவில்லை.

முதல் விமானம் தாமதமாக வந்ததுதான் காரணம். அடுத்த விமானத்தின் கதவு சாத்துவதற்குள் நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன். பெட்டி அப்படி ஓட முடியாது. அதை ஒரு வண்டியிலிருந்து இறக்கி, டேக்கைப் படித்துப் பிரித்து, இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டும். விமானம் மாறும் இடத்தில்தான் பெட்டிகள் அதிகம் பின்தங்குகின்றன. விமானத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பம் வழங்கும் சீட்டா (SITA) நிறுவனத்தின் கணக்குப்படி 2024-ல் உலகம் முழுவதும் 1000 பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் தாமதமாகவோ சேதமாகியோ தொலைந்தோ போயின. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு விமானம் மாறும்போது நேர்ந்தவை. பெரும்பாலான பெட்டிகள் சில நாட்களில் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் காட்டுக்குப் போகிறவருக்கு அந்தச் சில நாட்கள்தான் மொத்தப் பயணமே. சஃபாரிக்கு இடம் பதிவான தேதி பெட்டிக்காக நகராது.

பெல்ட் நின்றதும் சுங்கத்தைக் கடந்து வெளியே போய்விடாமல், உள்ளேயே இருக்கும் லக்கேஜ் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். அங்கே எழுதித் தரும் புகார்ச் சீட்டுதான் பிறகு எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதில் பத்து இடம் கொண்ட ஓர் எண் இருக்கும்: விமான நிலையத்துக்கு மூன்று எழுத்து, நிறுவனத்துக்கு இரண்டு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம். வேர்ல்ட்ட்ரேசர் என்ற பொதுப் பதிவேட்டில் இந்த எண்ணை வைத்துத்தான் பெட்டியைத் தேடுகிறார்கள். பெட்டியின் நிறம், கைப்பிடி, சக்கரம், மேலே இருக்கும் கயிறு, உள்ளே அடையாளமாகச் சொல்லக்கூடிய ஒரு பொருள் என்று எல்லாம் கேட்பார்கள். டேக் கிழிந்துபோன பெட்டியை அந்த ஒரு பொருளை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். நான் பறவை பார்க்கும் தொலைநோக்கியையும் அதன் முக்காலியையும் சொன்னேன். மாலை வேளை. எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. அத்தனை பேருக்கும் நடுவில் கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

அடுத்து, பெட்டியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டார். நான் நஞ்சன்கூட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"காட்டு விடுதி அட்ரஸக் குடுத்துப்போடாதே கண்ணு" என்றார். "ராத்திரி ஒம்போது மணிக்குக் கேட்டச் சாத்திருவாங்க. பெட்டி கொண்டு வர்றவன் அங்க நின்னுட்டு என்ன பண்ணுவான்? நம்ம வீட்டு அட்ரஸக் குடு. இங்க எந்நேரமும் ஆளு இருக்கு."

பந்திப்பூர்க் காட்டின் ஊடே போகும் நெடுஞ்சாலைகளில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டிகள் ஓடக் கூடாது என்ற தடை 2009 முதல் இருக்கிறது. இருட்டில் அடிபட்டுச் செத்த விலங்குகளுக்காக வந்த தடை அது. அது தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் பெங்களூரிலிருந்து பெட்டியை ஏற்றி வரும் கூரியர் ஓட்டுநருக்கு அது ஒரு சுவர். அதோடு, காடு பார்க்கப் போகிறவர் ஓரிடத்தில் இருப்பதில்லை. இரண்டு நாள் பந்திப்பூர், அங்கிருந்து கபினி, பிறகு முதுமலை என்று நகர்ந்துகொண்டே இருப்பார். பெட்டி அவர் நேற்றுத் தங்கிய இடத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். காட்டுக்கு வெளியே, நெடுஞ்சாலை மேல், ஆள் இருக்கிற ஒரு வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு அதை மாற்றாமல் இருப்பதைவிட உருப்படியான உதவி பெட்டிக்கு வேறு இல்லை. அப்படிச் சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் இதே ஊரில் ஒரு சாதாரண லாட்ஜின் முகவரியைக் கொடுக்கலாம். வரவேற்பில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

இந்தியாவுக்கே உரிய ஒரு வேலையும் இருக்கிறது. பின்னால் வரும் பெட்டியைச் சுங்கம் திறந்து பார்க்கும் உரிமை உண்டு. ஆகவே கடவுச்சீட்டின் நகலும், என் சார்பில் பெட்டியைச் சுங்கத்தில் காட்டலாம் என்ற அனுமதிக் கடிதமும் கேட்டார்கள். பூட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். வரியில்லாமல் கொண்டுவரும் அளவில் மீதி எவ்வளவு என்று நிறுவனம் தரும் சான்றில் சுங்க அதிகாரியின் கையெழுத்தை வாங்கிக்கொள்வது நல்லது. களைப்பில் அதை விட்டுவிட்டால், பின்னால் வரும் பெட்டிக்கு அந்தச் சலுகையைக் கேட்பது சிரமம்.

டர்பனில் இருக்கும் தமிழ் நண்பர் ஒருவர் வேட்டைப் பண்ணைகளுக்கு விருந்தினரை அழைத்துப்போகும் வேலையில் இருக்கிறார். என் நிலையைக் கேட்டதும் அவர் சொன்னது தன் ஊர்க்கதை. வெளிநாட்டிலிருந்து வேட்டைக்கு வருபவர் துப்பாக்கியைக் கைப்பையில் எடுத்து வர முடியாது. அது பூட்டிய உறையில், விமானத்தின் அடிவயிற்றில்தான் வர வேண்டும். தோட்டாக்களும் அப்படியே, ஆளுக்கு 5 கிலோ வரைதான். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியதும் காவலர்கள் துப்பாக்கியின் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தற்காலிக அனுமதி தருவார்கள். துப்பாக்கி அடுத்த விமானத்தில் வந்தால் அதை வேறு பெட்டிகளைப்போல யாரோ ஒருவர் வாங்கி வண்டியில் அனுப்பிவிட முடியாது. அவர் அழைத்துப்போகும் விருந்தினர் சிலர் முகாமில் இருக்கும் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சொந்தத் துப்பாக்கியைத் தூக்கி வருவதே வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறவர்களும் இப்போது உண்டு என்றார். எனக்கு வேட்டையில் விருப்பம் இல்லை. ஆனால் விலங்கைத் தேடிப் போகிறவனின் லக்கேஜ் ஏன் மற்றவர்களுடையதைவிடச் சிக்கலானது என்பது அவர் பேச்சில் புரிந்தது: அவனுடைய கருவி ஒன்று, அவனுக்கு அனுமதித்த தேதி ஒன்று, இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

நஞ்சன்கூட்டைச் சுற்றிய நிலத்துக்கும் வேட்டை வரலாறு உண்டு. விக்டோரியா ராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் 1889-ல் மைசூர்க் காட்டில் கெட்டா முறையில் யானை பிடிப்பதைப் பார்க்க வந்தார். அந்தக் காலத்து முகாம்களில் கூடாரமும் சமையல் சாமானும் மாட்டுவண்டியில் முன்கூட்டியே போய்விடும். விருந்தினர் பிறகுதான் வருவார். மூட்டை முதலில், மனிதர் பின்னால். பயணம் முடிந்தபின் வரிசை தலைகீழாகும். மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் பட்டறை புலித்தோலையும் சிறுத்தைத்தோலையும் பதப்படுத்திப் பொம்மையாக்கி உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. வேட்டைக்காரர் எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் சுட்ட விலங்கு மாதக்கணக்கில் கழித்துக் கப்பலில் போகும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தத் தொழிலின் அடித்தளமே போனது. மைசூர் மகாராஜா 1931-ல் 90 சதுர கிலோமீட்டரில் சரணாலயமாக ஒதுக்கிய பந்திப்பூர், 1973-ல் புலித் திட்டத்துக்குள் வந்தது. இன்று அந்தச் சாலையில் போகிறவர்கள் தூக்கிச் செல்வது கேமராவை. அது கைப்பையில் அடங்கும். வேட்டை நின்றதால் கிடைத்த பெரிய நன்மைகளைப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்கு அன்று அது உண்மையில் ஆறுதலாக இருந்தது.

என் கைப்பையில் பைனாகுலர், கேமரா, அதன் நீண்ட லென்ஸ், சார்ஜர், ரத்த அழுத்த மாத்திரை இருந்தன. பேட்டரிகளும் பவர்பேங்கும் எப்படியும் கையில்தான் இருக்க வேண்டும், விதியே அதுதான். மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு மருந்துச் சீட்டில் இருக்கும் வணிகப் பெயரை இங்கே மருந்துக் கடையில் காட்டினால் பலருக்குத் தெரியாது. மருந்தின் வேதிப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருப்பது உயிர் காக்கும் காரியம். பெட்டியில் போனவை காலணி, உடை, தொலைநோக்கி, முக்காலி. முதல் இரண்டும் வாங்கக்கூடியவை.

காலையில் சித்தி ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். ரோஸ் நிறப் பொடி. நஞ்சன்கூடு பல்பொடி. தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம்! இந்த ஊரில் பி.வி. பண்டித் 1913-ல் தொடங்கிய சத்வைத்யசாலையில் பிறந்த பொடி அது. மருத்துவத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. திப்பு சுல்தானின் யானைக்கு வந்த கண் நோய் ஸ்ரீகண்டேஸ்வரரின் அருளால் தீர்ந்தது என்றும், அதனால் திப்பு சாமியை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்து மரகத லிங்கம் தந்தார் என்றும் ஊர் சொல்கிறது. ஹக்கீம் என்றால் வைத்தியர். நஞ்சை உண்டவரே வைத்தியராக இருக்கிற ஊரில் பல் தேய்க்கப் பொடிக்குப் பஞ்சம் வருமா என்று சித்தி கேட்டார்.

கபிலைப் படித்துறையில் சாம்ராஜ்நகர் பக்கத்திலிருந்தும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் மொட்டை போட்டுக் குளித்துக்கொண்டிருந்தன. ஈர உடையோடு பிராகாரத்தில் உருளும் வேண்டுதலுக்கு அவர்கள் கொண்டுவந்தது ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி. நானும் குளித்தேன், சித்தப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் காட்டுக்கு வெள்ளை வேட்டி ஆகாது. பளிச்சென்ற நிறம் எதுவுமே ஆகாது. சித்தப்பா என்னை பதனவாளுவுக்கு அழைத்துப்போனார். நஞ்சன்கூடு தாலுகாவில் இருக்கும் அந்தக் கிராமத்துக் கதர் மையத்துக்கு 1927-ல் காந்தி வந்திருக்கிறார். இன்றும் அங்கே பெண்கள் கையால் நூற்கிறார்கள், தறி ஓடுகிறது. மரப்பட்டை நிறத்தில் ஒரு கதர்ச் சட்டையும், சாம்பல் நிறத்தில் ஒன்றும் வாங்கினேன். ஹாம்பர்க்கில் நான் தேடித்தேடி வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த, சீக்கிரம் உலரும் செயற்கை இழைச் சட்டையைவிட இது மேல் என்று மறுநாள் வெயிலில் உணர்ந்தேன். காற்று உள்ளே வந்தது, துணி சரசரக்கவில்லை. இந்தப் பக்கம் காடு பார்க்க வருகிறவர்கள், பெட்டி தொலைந்தாலும் தொலையாவிட்டாலும், பதனவாளுவில் நின்று ஒரு சட்டை வாங்கிப்போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நெய்தவர் கைக்குப் போகும் பணம் அது. ரசீதும் கேட்டு வாங்கினேன். தாமதமான பெட்டிக்காக அவசியத்துக்கு வாங்கும் பொருளின் செலவைக் கேட்க ரசீது இல்லாமல் முடியாது.

வழியில் தேவரசனஹள்ளியை சித்தப்பா காட்டினார். புவிசார் குறியீடு பெற்ற நஞ்சன்கூடு ரசபாளே வாழையின் ஊர் அது. வாடல் நோய் அந்த வாழையைப் பெருமளவு அழித்துவிட்டது. பழக்கடையில் கேட்டால் வேறு பழத்தை அதே பெயரில் கொடுப்பவர்களும் உண்டு. சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் உண்மையான சீப்பு ஒன்று கிடைத்தது. அதன் மணம் காரை நிறைத்தது.

பதிவான நாளில் பெட்டி இல்லாமலே காட்டுக்குள் போனேன். தொலைநோக்கியும் முக்காலியும் இல்லை. வண்டியின் இரும்புக் கம்பியில் சுருட்டிய துண்டை வைத்து, அதன் மேல் லென்ஸை ஊன்றிக்கொண்டேன். புள்ளிமான்கள் எச்சரிக்கைக் குரல் கொடுத்தன. எல்லோரும் புலியை எதிர்பார்த்தோம். புதரிலிருந்து செந்நாய்க் கூட்டம் வந்தது. முன்கால்களில் சேறு. ஒன்று மட்டும் நின்று எங்களைப் பார்த்துவிட்டு மற்றவற்றின் பின்னால் ஓடியது. தொலைநோக்கி இருந்திருந்தால் அதைப் பொருத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அவை போயிருக்கும்.

நாங்கள் நஞ்சன்கூடு திரும்பிய பிறகு ஒரு மதியம் பெட்டி வந்தது. சித்திதான் வாசலில் நின்று கையெழுத்துப் போடப் போனார். நான் தடுத்து, முதலில் வாசலிலேயே திறந்து பார்த்தேன். சுங்கத்தின் ஒட்டுத்தாள் இருந்தது, தொலைநோக்கி நலமாக இருந்தது, ஒரு சக்கரம் உடைந்திருந்தது. அதை ஓட்டுநரின் படிவத்திலேயே எழுதி, அன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டு, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். இந்தியா 2009-ல் ஏற்ற மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். விமான நிலையத்தில் கொடுத்த சீட்டே போதும் என்று நினைத்து இந்த இரண்டாவது கடிதத்தை எழுதாமல் உரிமையை இழப்பவர்கள் உண்டு. பெட்டி 21 நாள் கடந்தும் வராவிட்டால் அது தொலைந்ததாகவே கருதப்படும். நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ரூபாயில் ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல். அதற்குமேல் விலையுள்ள கருவிகளை வைப்பவர்கள், ஏறும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம் அல்லது தனிக் காப்பீடு எடுக்கலாம்.

அன்று மாலையே கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கடிதங்கள் எழுதினேன்: உடைந்த சக்கரத்துக்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று. பதனவாளு ரசீதையும், செருப்புக்கடை ரசீதையும், புகார்ச் சீட்டின் நகலையும் சித்தப்பா வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். சில வாரங்களில் சட்டைகளுக்கும் செருப்புக்கும் பணம் வந்தது. சக்கரத்தை நஞ்சன்கூடு தேர்வீதியில் பை தைக்கும் ஒருவர் மாற்றிக் கொடுத்துவிட்டார். அதற்கான தொகையும் பின்னர் வந்துசேர்ந்தது.