கையா, கிளட்சா?

போன மாதம் என் புல்லட்டை விற்க முடிவு செய்து, விலை பேச ஆளும் வந்துவிட்டார். பழைய வண்டி வைத்திருக்கும் நம் வயது நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

1986-ல் வாங்கிய 350 வண்டி. திருவொற்றியூரில் செய்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள். எனக்கோ கால் தானாகப் போகும்.

பங்குனியில் பாபநாசம் பக்கம் ஒரு கல்யாணம். நானும் வீட்டம்மாவும் புல்லட்டில்தான் போனோம். திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. மறுபடி கிக்கரை உதைக்கச் சோம்பல்பட்டு, என்ஜினை அணைக்காமலே நின்றேன். ரயில் போனது. கேட் தூக்கும் நேரம் முதல் கியர் போட்டேன். கிளட்ச் லிவரை முழுக்க இழுத்துத்தான் பிடித்திருந்தேன். ஆனாலும் வண்டி நிற்காமல் இன்ச் இன்சாக முன்னே நகர்ந்தது. பிரேக்கை அழுத்தினால் என்ஜின் திணறியது. அணைந்துவிடுமே என்று கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். ஒரே தாவல். முன்னால் நின்ற மொபெட்டின் பின் சக்கரத்தில் இடித்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. மொபெட்காரர் நல்ல மனிதர். "பெரியவரே, பார்த்துப் போங்க" என்பதோடு விட்டுவிட்டார்.

அந்தப் 'பெரியவரே' என்ற சொல்தான் வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது.

அன்று ராத்திரியே பெங்களூரில் இருந்து மகன் பேசினான். "போதும்பா. ஸ்கூட்டர் வாங்கித் தர்றேன். கியரே கிடையாது. அம்மாவ நெனச்சுப் பாருங்க."

பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஆறு மாதமாக எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே இடது கை விரல்கள் வலிக்கும். நின்ற இடத்தில் நியூட்ரல் விழாது. முதல் கியர் போட்டால் 'கடக்' என்று ஒரு சத்தம். எல்லாவற்றுக்கும் நான் வைத்திருந்த காரணம் ஒன்றே ஒன்று, வயதாகிவிட்டது, கையில் பிடிப்பு போய்விட்டது. வீட்டம்மா ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்து, தினமும் காலையில் நூறு தடவை அமுக்கச் சொல்லியிருந்தாள். அமுக்கிக்கொண்டும் இருந்தேன்.

வண்டி பார்க்க வந்தவர் இருபத்தைந்து வயதுப் பையன். தினமும் உடற்பயிற்சி செய்கிற உடம்பு. உட்கார்ந்து கிளட்ச் லிவரை இரண்டு தடவை இழுத்தான். கையை உதறினான்.

"என்ன சார், இவ்ளோ டைட்டா இருக்கு? எனக்கே கை வலிக்குது."

விலையைக் குறைக்கத்தான் சொல்லியிருப்பான். ஆனால் எனக்குச் சுரீர் என்றது. இவன் கையும் வலிக்கிறது என்றால் கோளாறு கையில் இல்லையே! "ஒரு வாரம் கழிச்சு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் புல்லட்டுக்கென்றே ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். இப்போது இல்லை. கிளட்ச் சரியாக விடுகிறதா என்று பார்க்க அவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். பழைய புல்லட்டில் கிக்கர் உதைக்கும் விசை கிளட்ச் வழியாகத்தான் என்ஜினுக்குப் போகும். அதனால் என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, லிவரை முழுக்க இழுத்துக்கொண்டு கிக்கரைக் காலால் அமுக்க வேண்டும். கிளட்ச் சரியாக விட்டால் கிக்கர் வெண்ணெய் மாதிரி கீழே இறங்கும். விடாவிட்டால் என்ஜினும் சேர்ந்து சுற்றும், கம்ப்ரஷன் காலை எதிர்த்துத் தள்ளும்.

அமுக்கிப் பார்த்தேன். தள்ளியது.

நாள்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. லிவரை இழுத்தபடியே நாலைந்து முறை உதைத்தால் பிரிந்துவிடும். செய்தேன். மாற்றமில்லை. அடுத்தது கேபிள்.

கேபிளை லிவர் பக்கம் கழற்றிப் பார்த்தபோதுதான் என் வண்டவாளம் தெரிந்தது. உள்கம்பியில் பல இழைகள் அறுந்து, மிச்சம் இருந்தவை இழுபட்டு நீண்டிருந்தன. அறுந்த முனைகள் உறைக்குள் உரசியதால்தான் அவ்வளவு கனம். கேபிள் நீள நீள, கைப்பிடியில் இருக்கும் அட்ஜஸ்டரை நான் திருகித் திருகியே சமாளித்து வந்திருக்கிறேன். இனித் திருக மரையே இல்லை என்கிற அளவுக்கு அது வெளியே வந்திருந்தது. புதுக் கேபிள் வாங்கி, நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கூம்பாகக் கட்டி, எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டேன். காலையில் மாட்டினேன். லிவர் பாதி லேசாகிவிட்டது.

ஆனால் கிக்கர் இன்னும் தள்ளியது. லேசாகத்தான், ஆனாலும் தள்ளியது.

அப்போதுதான் பாய் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: "கைக்கு எட்டுற இடத்துலயே திருகிட்டு இருக்காதீங்க சார், உள்ளயும் ஒண்ணு இருக்கு." வலப்பக்கம் கியர் பாக்ஸில் இரண்டு திருகு போட்ட ஒரு சின்ன மூடி உண்டு. அதற்குள்ளே கேபிள் இழுக்கிற கை ஒன்று, அதில் ஒரு திருகு, மேலே லாக் நட். அந்தத் திருகுதான் ஷாஃப்டுக்குள் போகும் நீளக் கம்பியைத் தள்ளும். கம்பி மறுபக்கம் போய் பிளேட்டுகளைப் பிரிக்கும். திருகுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டால், நாம் லிவரை இழுக்கும் தூரத்தில் பாதி அந்த இடைவெளியை மூடவே செலவாகிவிடும். பிளேட் பிரிய தூரம் மிச்சமிருக்காது. என் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. எத்தனை வருடமாக அந்த மூடியைத் திறக்கவில்லையோ, திருகுகள் இரண்டும் துருவேறிக் கிடந்தன.

செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் கேபிளை நன்றாகத் தளர்த்த வேண்டும். பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கம்பியில் தொடும் வரை உள்ளே விட்டு, அரைச் சுற்று பின்வாங்கி, திருகு நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். கடைசியில்தான் கேபிள். லிவர் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டமும் வேண்டாம் என்று முறுக்கி வைத்தால் கம்பி எப்போதும் அழுந்தியே இருக்கும். அப்புறம் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், பிளேட் தேயும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அந்த ஆட்டத்தை மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது.

லிவரை இழுத்துக் கிக்கரை அமுக்கினேன். வெண்ணெய்!

மார்க்கெட் முனை சிக்னலில் நின்று, ஓடுகிற என்ஜினோடு நியூட்ரல் போட்டுப் பார்த்தேன். காலால் ஒரு தட்டு, விழுந்தது. முதல் கியரில் லிவரை இழுத்துப் பிடித்தேன். வண்டி கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது.

மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரில ஓட்டாதீங்க" என்றான். ஒப்புக்கொண்டேன். எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசுவதற்குக் கேபிள் காரணமில்லை என்பது எனக்கும் தெரியும். கிக்கர் உதைத்தால் முழங்கால் முனகுவதும் நிஜம்தான். வயதுக்குச் சேர வேண்டியதை வயதின் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஆனால் மூடியைத் திறந்து பார்க்காமலே எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதியதால்தான் அவள் முழங்கையில் ரத்தம் வந்தது. ஆறு மாதம் வண்டி தன் கோளாறைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் பந்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டம்மா உடனே ஏறவில்லை. "ஒரு வாரம் நீங்க தனியா ஓட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றாள். அது நியாயம். எட்டாம் நாள் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வழியில் அதே போல ஒரு கேட். பின்னாலிருந்து அவள் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. கேட் திறந்து, தாவாமல் வண்டி கிளம்பியதும்தான் பிடி தளர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த ரப்பர் பந்தை எடுத்து அடுத்த வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள்.