90 விநாடி

பிப்ரவரி 11

ராயபுரம் கிளியரிங் ஆபீஸில் எனக்கு மரியாதை வந்ததே கன்டெய்னர் நம்பரால்தான். நாலு எழுத்து, ஏழு இலக்கம். டிரைவர் போனில் ஒருமுறை சொன்னால் போதும், அடித்து முடித்துவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விடுவேன். கடைசி இலக்கம் முன்னால் இருப்பவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஒன்று மாறினாலும் சிஸ்டம் ஏற்காது. இன்று டிரைவர் அண்ணன் மறுபடி மறுபடி சொல்லிக் கடைசியில் அவர் குரலே மாறிவிட்டது. எழுத்துகள் நிற்கின்றன. இலக்கம் பாதி வருவதற்குள் முதலில் வந்தது போய்விடுகிறது. இனிமேல் எழுதி வைத்தால்தான் உண்டு.

பிப்ரவரி 12

தூக்கம். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 20

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். அதற்கான வருடாந்தர எம்.ஆர்.ஐ. இன்று. தலையைச் சுற்றிக் கூண்டு மாட்டி உள்ளே தள்ளினார்கள். பாதியில் வெளியே இழுத்து காடோலினியம் ஊசி. மூளையில் எங்காவது புதிதாக அழற்சி இருந்தால் அந்த மருந்து அங்கே கசிந்து பளிச்சென்று காட்டும். எதுவும் பளிச்சிடவில்லை. நடுவில் நீர் நிற்கும் அறைகளை ஒட்டி, போன வருடம் இருந்த அதே வெள்ளைப் புள்ளிகள். புதிதாக ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்காரர் நேரே வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன். “ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு.” எனக்கு மட்டும் சந்தோஷமே வரவில்லை. புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அந்த இலக்கங்கள் எங்கே போகின்றன?

மார்ச் 3

மேனேஜர்: “ரிப்போர்ட்தான் நார்மலாச்சேம்மா, அப்புறம் என்ன?”

மார்ச் 16

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஃபிலிமை எடுக்கவே இல்லை. பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே சின்ன வயசுப் பெண், கையில் ஒரு தாள். மேல் வரிசையில் ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் எண். அதற்குக் கீழே குறிகள் மட்டும், வரிசை வரிசையாக. அந்தந்தக் குறிக்கு உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 90 விநாடி. “பதறாதீங்கக்கா” என்றாள். போகப்போகக் கண் பழகிவிடுமாம். எனக்குக் கடைசி வரை பழகவில்லை, ஒவ்வொரு குறிக்கும் மேலே ஏறி இறங்க வேண்டியிருந்தது. நேரம் முடிந்தபோது பெரும்பாலான வரிசைகள் காலியாகக் கிடந்தன.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினார். புள்ளி எத்தனை என்பதற்கும் மறதி எவ்வளவு என்பதற்கும் பல நேரம் பொருந்தாதாம். மூளையின் மேலோட்டில் விழும் புண்களை வழக்கமான ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது. நடுவிலுள்ள தலாமஸ் சுருங்கும். மருந்து இல்லாவிட்டால் மொத்த மூளையும் வருடத்துக்கு 0.5 சதவீதத்துக்கு மேலேயே குறையலாம். இரண்டு வருடத்து ஃபிலிமைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டரில் அளந்தால்தான் தெரியும். எம்.எஸ். உள்ளவர்களில் 40 முதல் 65 சதவீதம் பேருக்கு இந்த மறதித் தொல்லை இருக்கிறதாம். அறிவு பெரும்பாலும் அப்படியே இருக்கும், வேகம்தான் முதலில் போகும் என்றார்.

பாரிஸில் சார்க்கோ என்ற டாக்டர் 1868-லேயே இந்த நோயை விவரித்தபோது நினைவு மங்குவதையும் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் நூறு வருடத்துக்கும் மேல் காலையும் கண்ணையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை பெண்களைச் சோம்பேறி என்றிருப்பார்கள் இதற்குள்!

வரும்போது மெட்ரோவில் அழுகை வந்தது. துக்கமில்லை. நான் கற்பனை செய்யவில்லை என்று ஒரு தாள் சொல்லிவிட்டது.

மார்ச் 17

மறுபடி பயம். சுருங்கினது திரும்புமா என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

மே 8

கத்திரி. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகரவே இல்லை. ஷேர் ஆட்டோவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெந்துபோனேன். திருவொற்றியூர் தேரடியில் இறங்கி நின்றால் எந்தத் தெருவுக்குள் நுழைய வேண்டும் என்று பிடிபடவில்லை. பிறந்து வளர்ந்த ஊர். ஆட்டோக்காரத் தம்பி சிரித்தான். “இன்னாக்கா, வூடு மறந்துட்ச்சா?” என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டிலை நீட்டினான். “தலைல ஊத்திக்கோக்கா.” ஊற்றிக்கொண்டு பூக்கடை நிழலில் உட்கார்ந்தேன். உடம்பு ஆற ஆறத் தெரு தன்னால் தெரிந்தது.

உடம்பை வருத்தினால் இந்த நோயில் பார்வை கொஞ்ச நேரம் மங்குவதை ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் 1890-லேயே எழுதிவைத்தாராம். காரணம் சூடுதான் என்று பிறகுதான் தெரிந்ததாம். மேலுறை உரிந்த நரம்பில் சூடேறினால் செய்தி தடைபடும், ஆறினால் திரும்பும். ஸ்கேன் வராத காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துத்தான் நோயைச் சோதித்தார்களாம். திருவொற்றியூரில் மே மாதம் அந்தத் தொட்டிக்குள்தான் எல்லா வேலையும்.

மே 9

அந்தத் தம்பிக்கு நன்றி சொல்லவில்லை. ஆட்டோ நம்பரும் தெரியாது.

ஜூன் 2

டிரைவர் அண்ணன் இப்போது நம்பரைச் சொல்வதில்லை. கன்டெய்னர் கதவைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து அடிக்கிறேன், ஒன்றும் தவறுவதில்லை.

ஜூன் 19

எல்லா டிரைவர்களும் போட்டோவே அனுப்பட்டும், வெயிலுக்கு முந்தின ஷிஃப்ட் கொடுங்கள் என்று கேட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் எம்.எஸ்.-உம் ஒன்று என்றேன். “நல்லாத்தானேம்மா நடக்குற” என்றார் மேனேஜர். ஸ்கேன் ஃபிலிமைக் கொண்டுவரச் சொன்னார். அந்த 90 விநாடித் தாளின் நகலையும் டாக்டரம்மா கடிதத்தையும் கொடுத்தேன். இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஃபிலிம் இல்லையா?” என்று கேட்டார். திங்கட்கிழமை பேசலாமாம்.