எங்க ஊர் நர்ஸம்மா

ஒரகடத்துல கம்பெனிங்க வந்த பிறகு, எங்க பக்கம் நெல்லு விளைஞ்ச இடத்துல பாதி லைன் வீடு. குடியிருக்கிறவங்க பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அதுல யார் மாசமா இருக்காங்கன்னு வீட்டு ஓனருக்கே தெரியாது. கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிஞ்சாகணும். சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு கணக்கு. மாசத்துக்கு மாசம் ஆள் மாறுற ஊர்ல அந்தக் கணக்கு எங்க நிக்கும்?

அவங்களுக்கு மேல பகுதி சுகாதார செவிலியர். எங்க பக்கம் வர்ற அந்தம்மா சத்தம் போட்டு நான் பார்த்ததில்ல. போன தையில, அறுப்பு நேரம், ஒரு ஒடியாப் பொண்ணு எட்டு மாசம், ஆர்.சி.எச். நம்பரே இல்ல. அது இல்லாம பிறப்புச் சான்றிதழுக்கும் அலையணும். பதிவு விட்டுப்போச்சேன்னு சின்ன நர்ஸுக்குக் கை நடுங்குது. அந்தம்மா கேட்டது ரெண்டே கேள்வி: "பிரஷர் பார்த்தியாம்மா? கால் வீங்கியிருக்கா?"

பிரஷர் அதிகம். உடனே 108. பதிவெல்லாம் அப்புறம்தான்.

மறுநாள் நர்ஸைத் திட்டல. லைன் வீட்டு ஓனருங்களைக் கூப்பிட்டு, "புதுக் குடித்தனம் வந்தா, அட்வான்ஸ் வாங்கின கையோட எங்களுக்கு ஒரு போன் போடுங்க"ன்னாங்க. என் பங்காளிகூட இப்ப போடுறாரு, அவரு யாருக்கும் மிஸ்டு கால்கூட குடுக்காத ஆளு.

குழந்தை 2 கிலோதான். தாயும் புள்ளையும் சுகம்.