புழுவைப் பார்த்து முகம் சுளிக்கும் முன்

குப்பைமேட்டில் குவியும் காய்கறிக் கழிவு அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேனைக் கக்குகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். அதே கழிவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்களுக்குப் போட்டால், இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் தின்று தீர்த்துவிடும். ஓயாமல் நெளிந்து கிளறுவதால் உள்ளே காற்றும் புகுகிறது. இந்தோனேசியாவின் சிடோவார்ஜோவில் அளந்து 2019இல் வெளியான ஆய்வு, திறந்தவெளியில் குவித்து உரமாக்குவதன் புவி வெப்பத் தாக்கம் இதைப்போல் இரண்டு மடங்கு என்றது.

ஈ என்றாலே நோய்தானே என்பார்கள். வீட்டு ஈக்கு அது பொருந்தும். இந்த ஈயோ புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பிலேயே சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது; நம் சாப்பாட்டுத் தட்டில் அதற்கு வேலையில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கழிவில் காட்மியம் இருந்தால் அது புழுவின் உடலில் சேரும், அதைத் தின்னும் கோழிக்கும் மீனுக்கும் போகும். ஆகவே தரம் பிரிக்காத குப்பைக்கு இது வழியே அல்ல. புழுவை உலர்த்தும் மின்சாரம் நிலக்கரியில் வந்தால் லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே கரையும் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புழு தீவனத்தில் மீன்தூளுக்கு மாற்றாகிறதே, அதை யார் கணக்கில் சேர்ப்பது? சிடோவார்ஜோ கணக்கைப் பெரிதாக அசைத்தவற்றில் இவ்விரண்டும் உண்டு.