மாப்பிள்ளை வண்டியில் டிராக்டர் ஆயில்

மாட்டுப் பொங்கல் அன்னைக்குக் காலையில நான் பண்ணின காரியம் இது. எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா யோசனை. பொண்ணுகிட்ட கேட்டதுக்கு, "எழுதுங்கப்பா, நாலு பேர் சிரிச்சிட்டுப் போகட்டும்"னு சொல்லிட்டா. சரி, எழுதிட்டேன்.

எங்க பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் கழுவற மாதிரியே டிராக்டரையும் கழுவிப் பொட்டு வைப்போம். எங்கிட்ட இப்ப இருக்கிறது ரெண்டே உருப்படி, அதனால வேலை சீக்கிரம் முடிஞ்சுது. டிராக்டரைக் கழுவிட்டு, வழக்கம் போல ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். சரியா இருந்துச்சு. முருங்கைக்காய் ஏத்திட்டுப் போற பழைய ஆம்னியையும் பார்த்தேன், அதுவும் சரி. வாசல்ல மாப்பிள்ளை கார் நின்னுட்டிருந்துச்சு. பேரனைக் கூட்டிட்டு பெங்களூர்ல இருந்து வந்திருந்தாங்க. டீசல் வண்டி, வாங்கி ரெண்டு வருசம்தான், தவணை இன்னும் ஓடிட்டிருக்கு. கையோட அதையும் கழுவினேன். கழுவினதோட விட்டிருக்கலாம்.

பானெட்டைத் திறந்து குச்சியை உருவினா, கீழ்க்கோட்டுக்கும் கீழே நிக்குது ஆயில். எனக்குப் பதறிப் போச்சு. இவ்வளவு குறைவா வச்சுக்கிட்டா குழந்தையை ஏத்திட்டு வந்திருக்காங்க? வீட்ல எல்லாரும் தூக்கம். எழுப்புவானேன்னு, ஷெட்டுல இருந்த டிராக்டர் ஆயில் டப்பாவை எடுத்து முக்கால் லிட்டர் ஊத்திட்டேன். இன்ஜின் ஆயில் எல்லாம் இன்ஜின் ஆயில்தானே, அதுலயும் டீசலுக்கு டீசல் ஆயில்தானேன்னு நினைப்பு. டப்பாவுல 20டபிள்யூ-40ன்னு போட்டிருந்துச்சு. முப்பது வருசமா அதைத்தான் வாங்கறேன், ஆனா அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை. டபிள்யூன்னா வெயிட்டுன்னு நானாவே ஒரு அர்த்தம் வச்சிருந்தேன்.

அன்னைக்கு மத்தியானம் மாப்பிள்ளை கோயிலுக்குப் போயிட்டு வந்து, வண்டியைக் களத்துல நிறுத்தினாரு. களம் சமமான இடம். மறுநாள் காலையில சும்மா இருக்க முடியாம மறுபடி குச்சியை உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை மேல நிக்குது. அப்பத்தான் புத்தியில பட்டுச்சு. எங்க வாசல் சரிவு. மூக்கு மேலே தூக்கி நின்ன வண்டியில ஆயில் பின்பக்கம் ஒதுங்கி, குச்சியில குறைவாக் காட்டியிருக்கு. வண்டியில ஆயில் குறையவே இல்லை. டிராக்டரைச் சமமான இடத்துல நிறுத்தித்தான் பார்க்கணும்னு ஊர்ல எல்லாருக்கும் சொல்றவன் நான்.

நாங்க வழக்கமா வேலை விடற மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். காணும் பொங்கல், கடை லீவு. வீட்ல இருந்தாரு.

"எந்த ஆயிலுங்கண்ணா ஊத்தினீங்க?"

"நம்ம டிராக்டர் ஆயில்தாங்க தம்பி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வண்டி பிஎஸ் சிக்ஸ் டீசலுங்களா?"

"ஆமாங்க."

"சைலன்சர்ல ஜல்லடை இருக்குதுங்கண்ணா. பெங்களூருக்கு அப்படியே அனுப்பீறாதீங்க. ஆயில் ஜாஸ்தி இருந்தா கிராங்க் அதுல அடிச்சு நுரை கட்டும், அது வேற."

அந்த ஜல்லடை விஷயம் எனக்குப் புதுசு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் சிக்ஸ் சட்டம் வந்ததுல இருந்து, டீசல் கார்கள்ல புகைக்குழாய்க்குள்ளே கரியைப் பிடிக்கற ஒரு வடிகட்டி வைக்கறாங்க. பிடிச்ச கரியை வண்டியே அப்பப்ப சூடேத்தி எரிச்சுக்கும். ஆனா இன்ஜின்ல கொஞ்சம் கொஞ்சமா எரியற ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிடும். விறகடுப்பு பத்த வச்சவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். கரித்துண்டை மறுபடி எரிக்கலாம், சாம்பலை என்ன பண்ணியும் எரிக்க முடியாது. அள்ளித்தான் கொட்டணும். இந்த வடிகட்டியில லேசுல அள்ள முடியாது, மாத்தணும்னா பெரிய செலவு. அதனால இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவா விடற ஆயில்னு தனியா வருது. டிராக்டர் ஆயில் அந்த வகையில்லை. "கோயிலுக்குப் போன ரெண்டு கிலோமீட்டர்ல ஒண்ணும் ஆகாதுங்க, ஆனா அதையே ஊத்தி ஓட்டினா கெடும்"னாரு.

அப்புறம் அந்த நம்பர் விஷயத்தையும் அவர்தான் விளக்கினாரு. மிச்சத்தை நான் போன்ல தேடிப் படிச்சேன்.

டபிள்யூங்கிறது வின்டர், குளிர்காலம். அதுக்கு முன்னாடி நிக்கற எண், குளிர்ல ஆயில் எவ்வளவு இளகி இருக்கும்கிறதுக்கு. எண் சின்னதா இருந்தா குளிர்லயும் சட்டுனு ஓடும். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில வச்சுச் சோதிக்கறாங்க, 20டபிள்யூவை மைனஸ் 15ல. பின்னாடி நிக்கற எண், 100 டிகிரி சூட்டுல அது எவ்வளவு கெட்டியா இருக்கும்கிறதுக்கு. ஓடற இன்ஜின்ல ஆயில் ஏறக்குறைய அந்தச் சூட்டுலதான் இருக்கும். கெட்டித்தன்மையை அளக்க ஒரு கணக்கு இருக்கு, சென்டிஸ்டோக்குன்னு பேரு. சாதாரணத் தண்ணி அதுல 1. நூறு டிகிரியில 20ம் நம்பர் ஆயில் 6.9ல தொடங்குது, 30ம் நம்பர் 9.3ல, 40ம் நம்பர் 12.5ல, 50ம் நம்பர் 16.3ல. அப்ப என் டிராக்டர் ஆயிலும் மாப்பிள்ளை வண்டி ஆயிலும் கொதிக்கற சூட்டுல கூட ஒண்ணில்லை.

விளக்கெண்ணெயைப் பார்த்திருப்பீங்க. பாட்டில்ல சாய்ச்சா யோசிச்சு யோசிச்சு இறங்கும். அதையே சட்டியில காய வச்சா தண்ணி மாதிரி ஓடும். எந்த எண்ணெய்க்கும் அந்தக் குணம் உண்டு. ஆனா இன்ஜினுக்கு, காலையில ஸ்டார்ட் பண்றப்பவும் ஓடணும், மத்தியானம் காய்ஞ்சப்பவும் நீர்த்துப் போகக்கூடாது. அதுக்காக ஆயில்ல சில பொருள்களைச் சேர்க்கறாங்க, சூடு ஏற ஏற அது விரிஞ்சு ஆயிலை ரொம்ப இளகவிடாமப் பார்த்துக்குமாம். ஓட ஓட அதுவும் நசுங்கிச் சக்தி போயிடும். ஆயில் மாத்தச் சொல்ற காரணங்கள்ல இதுவும் ஒண்ணு.

'நம்ம ஊர்ல ஏது மைனஸ் 35, முன் எண்ணைப் பார்த்து என்ன ஆகப்போகுது'ன்னுதான் எனக்கும் தோணுச்சு. ஆனா 40 டிகிரி வெயில்லயே ஒரு 20டபிள்யூ-40 ஆயில், 0டபிள்யூ-20 ஆயிலைப் போல ரெண்டு மடங்குக்கு மேல கெட்டியா இருக்கும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆயில் எல்லாம் அடியில சேம்பர்ல இறங்கிக் கிடக்கும். காலையில சாவி போட்டதும் பம்ப் அதை மேலே வால்வு வரைக்கும் ஏத்தணும். போய்ச் சேர்ற வரைக்கும் அங்கே கிட்டத்தட்ட இரும்பும் இரும்பும்தான். இன்ஜின் தேய்மானத்துல பெரிய பங்கு அந்த நேரத்துலதான். புது இன்ஜின்கள்ல பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ரொம்ப நுணுக்கம். வால்வு எப்பத் திறக்கணும்னு மாத்தற அமைப்பே பல வண்டிகள்ல ஆயில் அழுத்தத்துலதான் வேலை செய்யும். அங்கே கெட்டி ஆயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. மைலேஜும் குறையும்.

எங்கப்பா வண்டி பூட்டின காலத்துல, வைக்கோலைக் கரிச்சு விளக்கெண்ணெயில குழைச்சு அச்சுக்குப் போடுவாரு. கெட்டியா இருந்தாத்தான் நிக்கும்பாரு. மாட்டு வண்டி அச்சுக்கு அது சரி. அந்த நினைப்பு எனக்கும் ஒட்டிக்கிட்டு, ஆயிலை ரெண்டு விரல்ல தேய்ச்சுப் பார்த்து "நல்ல கெட்டி"ன்னு சொல்லி வாங்கற ஆளு நான்.

அதுக்காக இளசா இருக்கறதெல்லாம் உசத்தின்னு போயிடாதீங்க. அதுக்கும் எங்க வீட்லயே ஒரு கதை இருக்கு. போன சித்திரையில தம்பி பையன், அவன் பெட்ரோல் காருக்கு வாங்கின 0டபிள்யூ-20 ஆயில் டப்பா ஒண்ணு மிச்சம் இருக்குன்னு, என் ஆம்னிக்கு ஊத்திட்டான். "விலை ஜாஸ்தி ஆயில் பெரியப்பா, வண்டி பறக்கும்"னான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு இறக்கிட்டுத் திரும்பி வர்றப்போ, நல்ல வெயில்ல ஒரு டீக்கடை முன்னாடி நிறுத்தினேன். இன்ஜின் ஓடிட்டே இருக்கு, ஆயில் லைட்டு மினுக் மினுக்குங்குது. ஆக்சிலேட்டரை மிதிச்சா அணையுது, விட்டா மறுபடி. வயசான இன்ஜின், பேரிங் எல்லாம் தேய்ஞ்ச இன்ஜின். சூட்டுல அவ்வளவு இளகின ஆயில் அந்த இடைவெளியில நிக்காம வழிஞ்சு போகுது, அழுத்தம் ஏறலை. அப்படியே நிறுத்திட்டு, பக்கத்து ஊர் ஆயில் கடையில 20டபிள்யூ-40 வாங்கிட்டு வரச் சொல்லி மாத்தினப்புறம்தான் வீடு வந்தேன். அன்னைக்குத் தம்பி பையனைப் பேசின பேச்சு இருக்கே! அதை எல்லாம் நான் பொங்கலுக்குத் திரும்பக் கேட்க வேண்டியிருந்துச்சு.

பைக் வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. நம்ம ஊர் கியர் பைக் பெரும்பாலானதுல கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். கார் ஆயில்ல வழுக்கறதுக்குன்னு சேர்க்கற மருந்து அந்தக் கிளட்ச்சையும் வழுக்க விட்டுரும். பைக் ஆயில் டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. அதே மாதிரி கியர்பாக்ஸுக்கு ஊத்தற 90 ஆயிலைப் பார்த்து, 'அம்மாடி, 50ஐ விட எவ்வளவு கெட்டி'ன்னு மலைக்க வேண்டாம். கியர் ஆயில் கணக்கு தனிக் கணக்கு, அந்த 90 ஏறக்குறைய இன்ஜின் ஆயில் 40, 50 கெட்டிதான்.

சரி, மாப்பிள்ளை கதைக்கு வர்றேன். சொல்லாம விட்டுடலாமான்னு ஒரு நினைப்பு வந்தது நிஜம். மெக்கானிக்கை வரச் சொல்லி, அவங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போற நேரம் பார்த்து ஆயிலை இறக்கி மாத்திடலாம், யாருக்கும் தெரியாது. ஆனா வாரண்டி இருக்கற வண்டி. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, என்ன ஊத்தினாங்க, யாரு ஊத்தினாங்கன்னு கேள்வி வரும். அவருக்குப் பதில் தெரியாது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கலை. கல்யாணத்தப்போ கூட அந்த மனுசன் எங்கிட்ட ஒரு பொருள் கேட்டதில்லை. அவரு சொந்தக் காசுல வாங்கின வண்டி அது.

காலையில காபி குடிச்சிட்டு இருந்தாரு. "மாப்ள, ஒரு தப்புப் பண்ணிட்டேங்க"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். வாசல் சரிவு, குச்சி, முக்கால் லிட்டர், ஜல்லடை, எல்லாம். அவர் டம்ளரைக் கீழே வச்சாரு. எம் பொண்ணு என்னைப் பார்த்தா, அவ அம்மா அடுப்படிக்குள்ளே போயிட்டா.

"மாமா, அந்தக் குச்சி எங்கே இருக்குன்னே எனக்குத் தெரியாது. கொஞ்சம் காட்டறீங்களா?"ன்னாரு.

ரெண்டு பேரும் களத்துக்குப் போனோம். குச்சியைக் காட்டினேன். அவர் டேஷ்போர்டு பெட்டிக்குள்ளே இருந்து வண்டிப் புத்தகத்தை எடுத்தாரு, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கலை. இங்கிலீஷ் புத்தகம்தான், ஆனா தேடற பக்கம் கிடைச்சா எண்ணைப் படிக்க நம்ம படிப்பே போதும். 5டபிள்யூ-30, அதுக்குக் கீழே ஏசிஇஏ சி3. இந்த சி3ங்கிறதுதான் மெக்கானிக் சொன்ன சாம்பல் குறைச்ச ஆயிலுக்கு அடையாளம். எண்ணு ரெண்டும் ஒத்திருந்து இந்த எழுத்து இல்லைன்னா அந்த ஆயில் ஆகாது. கடைக்காரர் "இதுவும் அதுவும் ஒண்ணுதாங்க"ன்னு சொன்னாலும் விடாதீங்க.

அவர் கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. ஆயிலை முழுசா இறக்கிட்டு, சரியான ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, பில்லை வச்சுக்கிட்டு அடுத்த சர்வீஸ்ல காட்டச் சொன்னாங்க. தாராபுரத்துல தேடி வாங்கினோம். ஃபில்டரோட நாலாயிரத்துச் சொச்சம். நான் கொடுக்கறேன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். கடைசியில ஆயிலுக்கு நான், ஃபில்டருக்கு அவருன்னு முடிஞ்சுது. மெக்கானிக் சாயங்காலம் வந்து, களத்துலயே நட்டைக் கழட்டி இறக்கினாரு. மாப்பிள்ளை பக்கத்துல குத்த வச்சு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாரு, பேரன் அவர் முதுகு மேல. ஒரு நாள் தள்ளித்தான் ஊருக்குக் கிளம்பினாங்க. போன வாரம் போன்ல, "மாமா, சமமான இடத்துல நிறுத்தி, பத்து நிமிசம் விட்டுப் பார்த்தேன், ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கு"ன்னு சொன்னாரு.

ஷெட்டுல இப்ப டப்பாக்கள் மேல பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கேன். டிராக்டர், ஆம்னி, பைக்குன்னு. புது ஆயில்ல கால் லிட்டர் மிஞ்சினதை மாப்பிள்ளை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரு. அந்த டப்பா மேல எம் பொண்ணு ஒரு சீட்டு ஒட்டியிருக்கா: "அப்பா, இதைத் தொடாதீங்க."