இரண்டாவதாக வந்த பிள்ளை

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, சங்கச் செய்யுளைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ யாம் எழுதுவோமென்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியரிடம் வேறெதனை எதிர்பார்ப்பர்? ஆயினும், இம்மலரை விரிக்கும் பழைய மாணவர் பலர் தாம் படித்த செய்யுளை மறந்தாலும் தாம் ஓடிய மரதன் ஓட்டத்தை மறந்திலர் என்பதை யாம் அறிவோம். ஆதலின் ஓட்டத்தைப் பற்றியே எழுதத் துணிந்தோம். சொல்லப்போவன இரண்டு ஓட்டங்கள். ஒன்று கடல் கடந்த நாட்டிலே நிகழ்ந்தது; மற்றையது எம் கண்முன்னே நிகழ்ந்தது.

முன்னையதை எமக்கு அறிவித்தவன் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன். வகுப்பிலே நளன் கதை நடந்துகொண்டிருந்தது. நளன் உருமாறி, வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னனிடம் தேர்ப்பாகனாய் இருந்ததையும், அவன் தேர் செலுத்திய விரைவும் சமைத்த உணவின் சுவையுமே அவனைக் காட்டிக்கொடுத்ததையும் விளக்கி, உருவத்தை மறைக்கலாம், வல்லமையை மறைத்தல் அரிது என்றோம். பின் வாங்கிலிருந்து அம்மாணவன் எழுந்து, “சேர், அமெரிக்காவிலும் ஒரு வாகுகன் இருந்தவர். அவர் தேர் ஓட்டவில்லை, தானே ஓடினவர்” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. யாம் சிரிக்கவில்லை; காரணம் பின்னர் விளங்கும். அன்று மாலையே அவன் சொன்ன செய்தியைத் தேடிப் படித்தோம்.

1985ஆம் ஆண்டிலே கலிபோர்ணியா மாநிலத்துப் பாலோ அல்ற்றோ உயர்நிலைப் பள்ளியில் ஜே மிற்செல் ஹன்ற்ஸ்மன் என்னும் பெயரோடு ஒருவன் சேர்ந்தான். தனக்கு வயது 16 என்றும், தாய் தந்தையர் இலர் என்றும், நெவாடாவிலே தானாகவே கற்றவன் என்றும் கூறினான். பெற்றோரற்ற பிள்ளை படிக்க வந்து வாயிலிலே நின்றால் எந்த ஆசிரியரும் பத்திரங்களைத் துருவித் துருவிப் பாரார். அந்நாட்டு ஆசிரியரும் எம்மைப் போன்றவரே போலும். அவ்வாண்டு ஒக்ரோபரிலே, ஸ்ரன்போட் பல்கலைக்கழகத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென நிகழ்ந்த நெடுந்தூர ஓட்டத்திலே அவன் யாவரையும் பின்னே விட்டு முதலாவதாக வந்தான். வந்தவன் நடுவர் மேசைக்குச் சென்று தன் வரவைப் பதியாமல் விலகிப் போனான். வென்றவன் ஏன் ஒளிக்கின்றான்? உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஜேசன் கோல் ஐயுற்று ஆராய்ந்தார். அப்பெயர் தாங்கிப் பிறந்தது சிசுப் பருவத்திலேயே இறந்துபோன ஒரு குழந்தை. ஓடியவரோ ஜேம்ஸ் ஹோக் என்பவர். 25 வயதைக் கடந்தவர். வயோமிங் பல்கலைக்கழகத்தில் முன்னரே ஓடிப் பழகியவர்.

அவர் அத்தோடு நின்றாரல்லர். அலெக்சி இன்றிஸ் சந்தானா என்னும் புதுப் பெயரோடும், மாடு மேய்த்துக்கொண்டே தானாகக் கற்ற அநாதை என்னும் புதுக் கதையோடும் 1989இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துள் புகுந்தார். அங்கும் ஓடினார். 1991இல், பாலோ அல்ற்றோவிலே அவரை மாணவனாகக் கண்டிருந்த ஒருவர் ஓட்டப் போட்டியொன்றிலே அவரை இனங்கண்டார். பொய் சொல்லிப் பெற்ற உதவிப் பணத்துக்காகச் சிறை சென்றார். பின்னரும் களவுக் குற்றங்களுக்காகப் பலமுறை சென்றார்.

எம்மை வியக்கவைத்தது ஒன்றே. பள்ளிப் பருவத்தை மீண்டும் ஒருமுறை வாழ்வதே அவருடைய ஆசையாயின், அவர் இருபதாவதாக ஓடியிருக்கலாமே! யாரும் திரும்பியும் பார்த்திரார். ஓட்டம் தொடங்கியதும் அவருடைய கால்கள் அவருக்கு அடங்கவில்லை. அவரைப் பற்றி 2003இல் ஜெசி மொஸ் ஆவணப்படம் எடுத்தார். 2008இல் டேவிட் சாமுவேல்ஸ் நூல் எழுதினார். அப்படமும் அந்நூலும் முதலாவதாக வந்தவருடைய கதை. அன்று பதினாறு வயதுக்குரிய கால்களோடு, தன்னிலும் ஏறத்தாழப் பத்து வயது மூத்த ஒருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடிய பிள்ளைக்கு ஒரு கதை இல்லை.

எம் நாட்டவரும் இக்கலையிலே பின்தங்கியவரல்லர். 2004ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, இலங்கையின் தேசியக் கைப்பந்தாட்ட அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனி சென்று, விற்றிஸ்லிங்கன் என்னும் சிற்றூரிலே ஆடிப் படுதோல்வியுற்று, ஒருநாட் காலை அனைவரும் மறைந்து போயினர். அப்படியோர் அணி அந்நாளில் இந்நாட்டிலே இருக்கவேயில்லை. 2008இல் உபேற்றோ பசோலினி இதனை ‘மச்சான்’ என்னும் திரைப்படமாக்கினார். அதைப் பார்த்து யாமும் சிரித்தோம். சிரிக்க முடிந்ததற்குக் காரணம் அவர்கள் தோற்றமையே. எவருடைய வெற்றியையும் அவர்கள் எடுத்துச் சென்றிலர்.

வயதை மறைப்போரைப் பிடிக்க இக்காலத்திலே எலும்பைச் சாட்சிக்கு அழைக்கின்றனர். 2009ஆம் ஆண்டு நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்திலிருந்து, மணிக்கட்டைக் காந்தப் படம்பிடித்து, அங்குள்ள எலும்பின் வளர்தகடு முற்றாக ஒட்டிவிட்டதா எனப் பார்க்கின்றனர். இந்தியக் கிரிக்கெற்றிலும் சிறுவர் அணிகளுக்கு மணிக்கட்டுப் படம் உண்டு. வயதைக் குறைத்துக் காட்டுவது ஆட்டத்துக்கே நஞ்சு என ராகுல் டிராவிட் 2015இல் ஓர் உரையிலே கடிந்துரைத்தார். எலும்பும் ஆண்டு, மாதம், தேதி சொல்வதில்லை. பிள்ளைக்குப் பிள்ளை வளர்ச்சி வேறு. எமது பாடசாலைகளிலோ பிறப்பத்தாட்சிப் பத்திரமே எலும்பு. அப்பத்திரம் யுத்தத்திலே எரிந்துபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எவர்க்கும் யாம் சொல்லவேண்டியதில்லை.

இனி எமது ஓட்டத்துக்கு வருவோம். ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி முடித்து, பயிற்றப்பட்ட ஆசிரியராய்க் கொழும்பிலே ஒரு பாடசாலையிற் கடமையாற்றிய காலம். இம்மலருக்குரிய கல்லூரி அன்று, வேறொன்று, பெயர் வேண்டா. 2010ஆம் ஆண்டு. வன்னியிலிருந்து வவுனியா முகாம் வழியாக வந்த மாணவனொருவன் எமது வகுப்பிலே இருந்தான். வெள்ளவத்தையில் மாமன் வீட்டிலே தங்கியிருந்தான். சத்தியக் கடதாசியின்மேல் காலங் கடந்து பெற்ற பத்திரத்தின்படி அவனுக்கு வயது 17. ஒருநாள் பிளாஸ்ரிக் பையொன்றிலிருந்து பழைய முன்னேற்ற அறிக்கையொன்றை எடுத்து, தன் கணித புள்ளிகளைப் பெருமையோடு எமக்குக் காட்டினான். அதிலிருந்த ஆண்டையும் தரத்தையும் கூட்டிப் பார்த்தோம். வயது 21. யாம் நிமிர்ந்து பார்த்தபோது அவனும் எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நாலு வருசம் படிக்கேல்ல சேர்” என்றான். அவ்வளவே. வேறொன்றும் அவன் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. படிப்பதற்காகக் குறைத்த வயது. அதனை வெளியிட்டால் உயர்தரப் பரீட்சைக்கு முன்னரே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவர். யாம் வாய் திறவாதது சரியே என்று அன்று எண்ணினோம். இன்றும் அவ்வாறே எண்ணுகின்றோம்.

ஆயின், அவன் இல்ல மரதனுக்குப் பெயர் கொடுத்தபோதும் யாம் வாய் திறந்திலோம். “தம்பி, நீ ஓடாதே” என்று தனியே அழைத்து ஒரு சொற் சொல்லியிருந்தால் போதும், அவன் கேட்டிருப்பான். அதனைச் சொல்லாததற்குப் படிப்புக் காரணமன்று. அவன் எமது இல்லத்தவன். எமது இல்லம் ஏழாண்டாகக் கேடயத்தைக் கண்டதில்லை. இல்லப் பொறுப்பாசிரியர் யாம்.

விடியற்காலை. கடற்கரையோர மரைன் டிறைவ் வீதியிலே, வெள்ளவத்தையிற் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிப் பக்கம் சென்று திரும்பும் ஓட்டம். முடிவிடத்திலே மேசை போட்டு, வருவோரின் பெயரைப் பதியும் பணி எம்முடையது. வன்னி மாணவன் தனியே வந்தான். மேல்மூச்சுக் கீழ்மூச்சு இல்லை. நெற்றியிலே வியர்வை மட்டும். நெடுநேரம் கழித்து இரண்டாமவன் தெரிந்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, தந்தை துறைமுகத்திலே மூட்டை சுமப்பவர். முதற்பேருந்து பிடித்து வந்து மாதக்கணக்காய் அதே வீதியிலே பயின்றவன். முந்திய ஆண்டும் இரண்டாமிடம். இது அவனுக்குப் பள்ளியிலே இறுதி ஆண்டு. கோட்டைத் தாண்டியதும் முழங்காலிலே விழுந்தான். எழுந்து வந்து, மேசையருகே நின்று, யாம் எழுதுவதைப் பார்த்தான். எழுதினோம். முதலாம், இரண்டாம். கேடயம் எமது இல்லத்துக்கு வந்தது. படமும் எடுத்தோம்.

வன்னி மாணவன் படித்து முன்னேறி இப்போது கனடாவிலே இருக்கின்றான். பொங்கலுக்குத் தவறாமல் வாழ்த்து வரும்.

மற்றவர் சென்ற ஆண்டு ஒருநாள் மாலை கொட்டாஞ்சேனையிலுள்ள எமது வீட்டுக்கு வந்தார். மகனை முதலாந் தரத்திலே சேர்க்கவேண்டும். தாம் படித்த பாடசாலையிலேயே, பழைய மாணவர் என்னும் வகையிலே விண்ணப்பிக்கின்றார். கையிலே தடித்த கோவை. மின்பட்டியல், வாக்காளர் இடாப்புப் பிரதி, தம் சான்றிதழ்கள். விளையாட்டுக்கும் புள்ளி உண்டாகையால், தாம் மரதனிலே பெற்ற இடத்தை உறுதிப்படுத்தி யாம் ஒரு கடிதம் தரவேண்டுமென்றார். பெருமையோடு தாளை எடுத்தோம். எழுதுகோலைத் திறக்குமுன் அவர் மெல்லச் சொன்னார்:

“முதலாமிடம்னா கூடப் புள்ளி வந்திருக்கும், இல்லையா சேர்?”

யாம் விடையிறுக்கவில்லை.

“தொடங்குற இடத்துல பக்கத்துலதான் நின்னேன். ஷேவ் எடுத்த முகம் சேர். பிளேட் பட்ட கீறலும் இருந்திச்சு. எங்க வகுப்புல ஒருத்தனுக்கும் மீசையே ஒழுங்கா வரல்ல. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்.”

பதினைந்து ஆண்டுகளாக எமக்கு மட்டுமே தெரியுமென்று யாம் எண்ணியிருந்த ஒன்றை, எமது விறாந்தையிலே இருந்துகொண்டு, குரலை உயர்த்தாமல் அவர் சொன்னார். அந்நாளிலேயே ஏன் முறையிடவில்லை எனக் கேட்டோம். கேட்டது பிழையென்பது கேட்டபின்னரே விளங்கிற்று. “யார்கிட்ட சேர்? மேசையில இருந்தது நீங்கதானே” என்றார்.

நடந்ததை நடந்தபடியே எழுதித் தருகின்றோம், வேண்டுமாயின் அதிபரிடமும் வந்து சொல்கின்றோம் என்றோம். அவர் சிறிதுநேரம் யோசித்தார். “வேணாம் சேர். அந்த அண்ணன் எங்கேயோ நல்லா இருக்கட்டும். இரண்டாமிடம்னே எழுதுங்க. பதிவுல அப்படித்தானே இருக்கு. மாத்தி எழுதினா என் பைலைத்தான் சந்தேகப்படுவாங்க” என்றார்.

ஆதலின், 2010ஆம் ஆண்டு இல்ல மரதன் ஓட்டத்திலே இன்னார் இரண்டாமிடம் பெற்றாரென, எம் கையாலேயே மறுமுறையும் எழுதி, ஒப்பமிட்டு, தேதியிட்டுக் கொடுத்தோம். அவர் அதனை ஒருமுறை வாசித்து, கோவையிலே உரிய இடத்திற் செருகி, எழுந்தார். வீட்டிலே தேநீர் ஆயத்தமாகியிருந்தது. பேருந்துக்கு நேரமாயிற்றென்று சொல்லி, அருந்தாமலே சென்றார்.