எரிந்ததா, விழிக்கவில்லையா?

எங்கள் வீடுகளில் ஒரு மின்பொருள் வேலை செய்யாமல் நின்றுவிட்டால் அதற்கான தீர்ப்பு மிக விரைவாக வந்துவிடும். "எரிஞ்சி போச்சி" என்பார்கள். மின்குமிழ், மின்விசிறி, கைத்தொலைபேசி என்று எதுவாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். எரிந்த மணம் வந்திருக்காது, புகை வந்திருக்காது, யாரும் திறந்து பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பொருள் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். இரண்டு சிறிய கணினிப் பலகைகள் அப்படி அடித்தட்டுக்குப் போக இருந்த கதையையும், அவை போகாமல் தப்பியதையும் என் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பலகைகள் எவை என்று சொல்ல வேண்டும். ஒன்று ராஸ்பெரி பை. வங்கி அட்டையின் அளவே உள்ள ஒற்றைப் பலகையில் ஒரு முழுக் கணினி அடங்கியிருக்கும். பிள்ளைகள் நிரலாக்கம் கற்க மலிவான கணினி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்டு, 2012 பெப்ரவரி 29 அன்று முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. எங்கள் கல்லூரியின் தகவல் தொழினுட்பக் கழகத்திடம் இருந்தது அதன் மூன்றாம் தலைமுறைப் பலகை. மற்றது இ.எஸ்.பி. 32. இது முழுக் கணினி அல்ல, வைஃபை வசதியுள்ள நுண்கட்டுப்படுத்திப் பலகை. ஆனால் உணரிகளை வாசிப்பதற்கு இதைவிட வசதியான ஒன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இவற்றை நாங்கள் விளையாட்டுக்காக எடுக்கவில்லை. எங்கள் ஊர் அக்குறணை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ 9 வீதியில் அமைந்த வியாபார ஊர். ஊரை ஒட்டியே பிங்கா ஓயா ஓடுகிறது. கரைகள் கட்டடங்களால் ஒடுங்கிப்போன அந்த ஓயா, மேலே பலத்த மழை பெய்தால் சிறிது நேரத்துக்குள்ளேயே கடைத்தெருவுக்குள் ஏறிவிடும். வாப்பாவின் கடையில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாக இருக்கும். நனைந்த மிளகை எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். வாங்கியவருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அப்படி ஒரு மழைக்குப் பின்னர் வாப்பா ஒன்றும் பேசாமல் சேற்றை வழித்துக்கொண்டிருந்ததை நான் மறக்க மாட்டேன்.

ஆகவே கழகத்தின் செயற்றிட்டமாக, நீர் மட்டத்தைப் பார்த்து முன்கூட்டியே எச்சரிக்கும் கருவியொன்றைச் செய்ய நாங்கள் மூன்று பேர் முன்வந்தோம். கடையின் பின்சுவரில் சிறிய பலகை ஓயாவின் மட்டத்தை அளந்து மெமரி கார்டில் பதியும். மேல்மாடியில் உள்ள ராஸ்பெரி பை அந்த அளவுகளைப் பெற்று, மட்டம் ஏறினால் வாப்பாவின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். எங்கள் மூவரில் ஒருத்திக்கு அந்தத் தவணைப் பரீட்சையில் இந்தப் பாடத்தில் மிகக் குறைந்த புள்ளிகளே கிடைத்திருந்தன. "இது உனக்குச் சரிவராது, கலைப்பிரிவுக்கு மாறு" என்று அவளுடைய வீட்டில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் இணைத்த வாரத்தில் இரண்டு பலகைகளுமே மௌனமாகிவிட்டன. ராஸ்பெரி பையின் சிவப்பு விளக்கு எரிந்தும் அணைந்தும் நடுங்கியது. தொடங்குவது போல் காட்டி, பாதியிலேயே மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. சிறிய பலகையோ விழிக்கவே இல்லை. பார்த்த உறவினர் ஒருவர் வழமையான தீர்ப்பைச் சொன்னார். "ரெண்டும் எரிஞ்சி போச்சி. இனிப் புதுசு வாங்கணும்." புதியது வாங்குவதென்பது இலேசான காரியமல்ல. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர், வெளிநாட்டிலிருந்து வரும் எந்த மின்னணுப் பொருளின் விலையும் பாடசாலைக் கழகமொன்றுக்கு எட்டக்கூடியதாக இல்லை. கழகத்தின் பொருட்பதிவேட்டில் "பழுது" என்று எழுதிவிட்டால், எங்களுக்குப் பின்னால் வரும் தங்கைமாருக்கு அந்தப் பலகைகள் கிடைக்காது. "போதும் மகள், புத்தகத்தப் பாருங்க" என்று உம்மாவும் சொல்லிவிட்டார்.

தொலைக்காட்சி திருத்தும் சாச்சாதான் எங்களுக்கு வழி காட்டினார். மல்டிமீட்டரைக் கையில் தந்தபோது அவர் சொன்ன வார்த்தையை நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். "மகள், ஒண்டும் வேல செய்யாத நேரம் மீட்டர வெச்சா அது பொய் செல்லும். வேல செய்ற நேரம் வெச்சிப் பாருங்க."

சோதித்தபோது அது உண்மையென்று கண்டோம். பலகையை இணைக்காமல் சார்ஜர் வயரின் முனையில் அளந்தால் 5.1 வோல்ற்று. குறையே இல்லை. பலகையை இணைத்து, அது வேலை தொடங்கும் வேளையில், அதன் நாற்பது கால் வரிசையில் 2ஆம் காலுக்கும் 6ஆம் காலுக்கும் இடையே அளந்தபோது 4.5 வோல்ற்றே காட்டியது. 2 என்பது 5 வோல்ற்றுக் கால், 6 என்பது நிலக் கால். ராஸ்பெரி பை தனக்கு வரும் அழுத்தத்தைத் தானே கண்காணிக்கிறது. அது ஏறத்தாழ 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு அணையும், திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் அடையாளம் தோன்றும். அதாவது அந்தப் பலகை தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

குற்றவாளி வயர். இரண்டு மீற்றர் நீளமான, மெல்லிய வயர் அது. சாதாரண தரத்தில் நாம் எல்லோரும் படித்த ஓமின் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். போகும் வழியிலும் திரும்பும் வழியிலுமாக வயரின் தடை அரை ஓம் என்று கொள்வோம். பலகை 1.2 அம்பியர் இழுத்தால் வயரிலேயே 0.6 வோல்ற்று இழக்கப்படும். 5.1இல் 0.6 போனால் மிச்சம் 4.5. மீட்டர் காட்டியதும் அதுவே. இதே வயரில் தொலைபேசி சார்ஜ் ஆகும், சற்று மெதுவாக ஆகும், அவ்வளவுதான். கணினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. இந்தப் பலகைக்கு 2.5 அம்பியர் தரக்கூடிய மின்வழங்கி வேண்டும் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். மின்வழங்கி நல்லதாக இருந்தாலும் இடையிலுள்ள வயர் மெலிந்திருந்தால் பலன் இல்லை. குட்டையான, தடித்த வயரை மாற்றினோம். சிவப்பு விளக்கு அசையாமல் நின்றது, மெமரி கார்டை வாசிக்கும் பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்கியது.

சிறிய பலகையின் கதை வேறு. அதற்கு மின் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. மெமரி கார்ட் பகுதியைக் கழற்றிவிட்டால் உடனே விழித்தது, பூட்டினால் உறங்கியது. மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தபோது, சேமிப்பகத்தை வாசிக்க முடியவில்லை என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் இருவர் நிரலைத் தேடிக்கொண்டிருந்தோம். புள்ளி குறைந்தவள் என்று சொன்னேனே, அவள் மட்டும் நிரலை விட்டுவிட்டு, அந்தச் சில்லின் தரவுத்தாளை எடுத்து வரி வரியாக வாசித்தாள். மறுநாள் காலையில் வந்து, "12ஆம் காலைப் பாருங்க" என்றாள்.

அவள் கண்டுபிடித்தது இதுதான். இ.எஸ்.பி. 32 மின் பெற்று விழிக்கும் கணத்தில், தன் கால்களில் சிலவற்றை ஒரேயொரு தடவை பார்த்துக்கொள்கிறது. 0ஆம் கால் உயர்ந்த நிலையில் இருந்தால் உள்ளே இருக்கும் நிரலை ஓட்டும், தாழ்ந்த நிலையில் இருந்தால் புதிய நிரலை ஏற்றுவதற்காகக் காத்திருக்கும். பலகையில் உள்ள சிறு பொத்தான் செய்வது இந்த வேலையைத்தான். 12ஆம் கால் சொல்வதோ வேறு செய்தி. சேமிப்பகச் சில்லுக்கு 3.3 வோல்ற்றுக் கொடுப்பதா, 1.8 வோல்ற்றுக் கொடுப்பதா என்பதை அது தீர்மானிக்கிறது. தாழ்ந்திருந்தால் 3.3, உயர்ந்திருந்தால் 1.8. எங்கள் பலகையின் சேமிப்பகம் 3.3 வோல்ற்றில் இயங்குவது.

மெமரி கார்ட் பகுதியின் தரவு வயர் வழக்கமாகச் செல்லும் கால்களில் 12ஆம் காலும் ஒன்று. அந்தப் பகுதியில் உள்ள சிறிய தடையி ஒன்று அந்த வயரை எப்போதும் உயர்ந்த நிலையில் இழுத்து வைத்திருக்கும். அது கார்டின் நன்மைக்காக வைக்கப்பட்டது. ஆனால் விழிக்கும் கணத்தில் பலகை அதைப் பார்த்து, "1.8 கொடு என்கிறார்கள்" என்று எண்ணிக்கொண்டது. சேமிப்பகத்துக்கு மின் போதவில்லை, தன் நிரலைத் தானே வாசிக்க அதற்கு முடியவில்லை. பலகையிலும் குறையில்லை, கார்டிலும் குறையில்லை. இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தன. விழித்த பின்னர் 12ஆம் கால் மற்றக் கால்களைப் போன்ற சாதாரணக் கால்தான். சிக்கல் அந்த முதற் கணத்தில் மட்டுமே. தரவு வயரை 19ஆம் காலுக்கு மாற்றி, நிரலில் ஓர் எண்ணைத் திருத்தினோம். அல்ஹம்துலில்லாஹ், பலகை விழித்துக்கொண்டது.

இப்படிப்பட்ட பலகைகளைக் கையாளப்போகும் தங்கைமாருக்கு நாங்கள் கடைப்பிடித்த ஒழுங்கைச் சொல்லிவைக்கிறேன். முதலில் மணந்து பாருங்கள், சூட்டைக் கவனியுங்கள். உண்மையிலேயே எரிந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பின்னர் இணைத்த எல்லாவற்றையும் கழற்றி, வெறும் பலகைக்கு மட்டும் மின் கொடுங்கள். அது விழித்தால் பலகை உயிரோடுதான் இருக்கிறது. அடுத்து, வேலை செய்யும்போது அழுத்தத்தை அளவுங்கள். அளக்கும்போது மீட்டரின் முனை வழுக்கி 1ஆம் காலையும் 2ஆம் காலையும் ஒன்றாகத் தொட்டுவிடக்கூடாது. 3.3 வோல்ற்றில் இயங்கும் பகுதிக்குள் 5 வோல்ற்றுப் புகுந்தால் அப்போது உண்மையிலேயே எரிந்துவிடும். அதன் பின்னர் மெமரி கார்டை மாற்றிப் பாருங்கள். கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டுங்கள், எதைப் பூட்டும்போது உறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் விழிக்கும் கணத்தில் என்ன சொல்கிறது என்பதைத் தரவுத்தாளில் தேடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.

கருவியைப் பொருத்தி மூன்றாம் வாரத்தில் ஓர் அந்திமழை பிடித்துக்கொண்டது. மஃரிபுக்குச் சற்றுப் பின்னர் வாப்பாவின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. அவரும் நாநாவும் கடைக்கு ஓடிப்போய்க் கீழ்த்தட்டு மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றினார்கள். அன்று தண்ணீர் வாசற்படி வரை வந்து இறங்கிவிட்டது, உள்ளே வரவில்லை. வீணாகத் தூக்கவைத்துவிட்டோமோ என்று நான் தயங்கி நின்றபோது வாப்பா சொன்னார், "முந்தியெல்லாம் தண்ணி வந்த பொறகுதானே மகள் எங்களுக்குத் தெரியும்." உம்மா அதன் பின்னர் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்த 12ஆம் கால் எது, காட்டுங்க பாப்பம்" என்று கேட்டார்.

பொருட்பதிவேட்டில் அந்த இரண்டு பலகைகளின் எதிரே இப்போதும் "நல்ல நிலையில்" என்றே எழுதப்பட்டிருக்கிறது. 12ஆம் காலைக் கண்டுபிடித்த தோழியும் பிரிவு மாறவில்லை. ஒரு தவணைப் புள்ளியை வைத்து அவளுக்கும் அதே விரைவான தீர்ப்பைச் சொல்ல இருந்தார்கள். அவளிடம் குறைந்திருந்தது என்னவென்று வேலை செய்கிற வேளையில் யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

பெற்றோருக்கும் இதையே பணிவோடு சொல்ல விரும்புகிறேன். உங்கள் மகள் ஒரு பலகையைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தால், அவள் அதைக் கெடுக்கிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல தடித்த வயர் ஒன்றையும், மலிவான மல்டிமீட்டர் ஒன்றையும் வாங்கிக் கொடுங்கள். கொஞ்சம் நேரமும் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மழைக்கு முன்னர் எங்கள் கடைத்தெருவின் இன்னும் நான்கு கடைகளுக்கு இந்தக் கருவியைப் பொருத்த எண்ணியிருக்கிறோம்.